ஜோடி நடனத்துக்குப் பத்தொன்பது முத்திரைகள்

நோய் வந்த வருஷத்திலும் டிசம்பர் மாதம் வந்தது. டிசம்பர் வந்தால் தேசியப் பனிச்சறுக்கு நடனப் போட்டி வந்தாக வேண்டும். ஆகவே போட்டியை நடத்துவதென்று சங்கம் உரிய பரிசீலனைக்குப் பின் முடிவு செய்தது. அந்த வருஷம் கோடைத் திருவிழா இல்லை, பள்ளிக்கூட விளையாட்டு விழா இல்லை, கல்யாணத்தில் பாட்டு இல்லை. ஐஸ் மேல் வழுக்குவது மட்டும் நின்றுவிட்டால் நாட்டின் மனம் உடைந்துபோகும் என்று சங்கத் தலைவர் தனோகுரா அறிக்கை விட்டார்.

போட்டிக்கு ஷிரோகாவா நகரத்துப் பனி அரங்கம் தேர்ந்தெடுக்கப்பட்டது. எண்பத்து நான்கு பக்கத்தில் ஒரு நோய்த்தடுப்புக் கையேடு அச்சாகி வந்தது. பார்க்க வருகிறவர்கள் கை தட்டலாம், வாய் திறக்கக் கூடாது. ஆடி முடித்ததும் ரசிகர்கள் ஐஸ் மேல் பொம்மைகளை வீசுவது வழக்கம். அதையும் யோசித்திருந்தார்கள். பொம்மைகளை முன்கூட்டியே பார்சலில் அனுப்ப வேண்டும். அவை கிடங்கில் பதினான்கு நாள் தனிமையில் இருக்கும். பிறகு, ஆள் உட்காராத ஒன்றுவிட்ட நாற்காலிகளில் மாஸ்க்கோடு உட்கார வைக்கப்படும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இரண்டு கரடி உட்காரலாமா என்று ஒருவர் கேட்டார். ஒரே பார்சலில் வந்த கரடிகள் உட்காரலாம் என்று பதில் வந்தது.

இதெல்லாம் சுசுனேக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, முப்பத்தொன்றாவது விதியைப் படிக்கும் வரை. "அரங்கில் எவரும் எவருக்கும் இரண்டு மீட்டருக்குள் வரலாகாது."

சுசுனேக்கு இருபத்தொன்பது வயது. சாப்பாட்டுக் கடை ஒன்றில் மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடுக்கும் வேலை. அதற்குப் போவதற்கு முன் தினமும் காலை ஆறிலிருந்து ஏழு வரை அதே அரங்கில் கென்தாரோவோடு ஜோடி நடனப் பயிற்சி. கென்தாரோ கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர். பதினோரு வருஷமாக அவர் இவளைத் தலைக்கு மேல் தூக்குகிறார், சுழற்றுகிறார், தூக்கி வீசுகிறார். அவள் அவரை அண்ணே என்று கூப்பிடுவாள். அந்த வருஷம் நாடு முழுவதும் ஜோடி நடனத்துக்குப் பெயர் கொடுத்தது இவர்கள் இரண்டு பேர்தான். அதற்கு முந்தின மூன்று வருஷமும் அப்படித்தான். தங்கப் பதக்கம் வாங்கினீங்களே, யாரைத் தோற்கடிச்சீங்க என்று கடையில் கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே சோற்றை அழுத்துவாள்.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. ஒரு வருஷம் முடிவு பதிவாகாத பிரிவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். அடித்துவிட்டால் காலை ஆறு மணி ஐஸ் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்காக, ஐஸ் மேல் கல் தள்ளி விளையாடும் முதியோர் சங்கம் பத்து வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தது. இவர்கள் ஆடும்போதே கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தப் பெரியவர்கள் ஐஸை அளவெடுப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

நோய்த்தடுப்புப் பிரிவுத் தலைவர் நுகுய் போன் செய்தார். மரியாதையான மனிதர். போனிலும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் பேசுவார்.

"ஜோடிப் பிரிவுக்கும் விதி முப்பத்தொண்ணு பொருந்தும்மா. ரெண்டு பேரும் ரெண்டு மீட்டர் தள்ளி ஆடணும்."

"ஐயா, அவர் என்னைத் தலைக்கு மேல தூக்கணும்."

"தூக்கட்டும். யாரு வேணாம்னா? தள்ளி நின்னு தூக்கட்டும்."

"அது எப்படிங்கய்யா?"

"அது ஆட்டம் சம்பந்தப்பட்டது. நான் நோய்த்தடுப்பு."

"தூக்கி வீசறது?"

தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "வீசறதுல பிரச்சினையே இல்லை. வீசினா நீ தள்ளிப் போற. விதியோட நோக்கமே அதுதான். வீசறதுக்கு முன்னாடி பிடிக்கறீங்க பாரு, அதுதான் இடிக்குது."

அந்த வருஷம் எல்லாச் சிக்கலுக்கும் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வைப்பது வழக்கமாகியிருந்தது. கடையில் தடுப்பு, டாக்ஸியில் தடுப்பு, சாப்பாட்டு மேஜையில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே தடுப்பு. ஒரு வாரத்தில் சங்கத்திலிருந்து ஆள் உயரத் தடுப்பு ஒன்று வந்து இறங்கியது, அடியில் சறுக்குக் கட்டையோடு. ஜோடி ஆடும்போது அதுவும் நடுவில் கூடவே வரும் என்பது யோசனை. முதல் சுற்றில் கூடவே வந்தது. இரண்டாவது சுற்றில் இவர்களை முந்திக்கொண்டு போய், ஓரமாக நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நுகுயின் முழங்காலில் முட்டியது. அவர் நொண்டிக்கொண்டே எழுதி முடித்தார்: "தடுப்பு நோயைத் தடுக்கும். நடனத்தையும் தடுக்கிறது. மேற்கொண்டு ஆராயலாம்."

வழியைக் கண்டுபிடித்தது கென்தாரோதான். சாலைப் பலகையில் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்காதவனுக்கு லைசென்ஸ் கிடையாது என்று தினமும் கத்துகிற மனிதர். கையேட்டின் எழுபத்தோராம் பக்கத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்துவிட்டார். ஒரே குடும்பப் பதிவில் இருப்பவர்களுக்கு விதி முப்பத்தொன்று பொருந்தாது.

நுகுய்க்கு மகா சந்தோஷம். அப்போ ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமே என்றார்.

"எனக்கு ஏற்கனவே ஒரு பொண்டாட்டி இருக்காங்கய்யா," என்றார் கென்தாரோ.

நுகுய் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "அதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லையே."

கடைசியில், சுசுனே தன் வசிப்பிடப் பதிவைக் கென்தாரோ வீட்டுக்கு மாற்றிக்கொள்வது, பதினான்கு நாள் அங்கேயே தங்குவது, அதன் பிறகு தொட்டுக்கொள்வது என்று தீர்மானமானது. இதைக் கென்தாரோவின் மனைவி மித்சுயோவிடம் யார் சொல்வது என்பதற்குக் கையேட்டில் வழி இல்லை. இரண்டு பேருமாகப் போய் நின்றார்கள். மித்சுயோ முள்ளங்கி சீவுவதை நிறுத்தவில்லை.

"பதினோரு வருஷமா என் வீட்டுக்காரர் உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடறார். இனிமே நானும் ஆடணுமாக்கும்."

"அக்கா, பதினாலே நாள். நான் பாத்திரமெல்லாம் கழுவித் தரேன்."

"கழுவுவே. குளியல் தொட்டியும் கழுவுவே. வாசல் பனியும் வாருவே." சீவி முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "அரிசி மூட்டை இருக்கற ரூம்ல படுத்துக்கோ. மூட்டையை நகர்த்தாதே."

பதிவு அலுவலகத்தில் பிளாஸ்டிக் திரைக்குப் பின்னாலிருந்த பெண் படிவத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினாள். குடும்பத் தலைவருக்கு என்ன உறவு?

"நான் இவளைத் தூக்கிப் போடறவன்," என்றார் கென்தாரோ.

"வீட்டை விட்டா?"

"ஐஸ் மேல."

அந்தப் பெண் "உடன் வசிப்பவர்" என்று எழுதிக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

அரிசி மூட்டையோடு சுசுனேக்கு ஒத்துப்போனது. மித்சுயோவோடும் ஒத்துப்போனது, பாத்திரம் கழுவுகிறவர்களோடு யாருக்கும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதது காலைச் சாப்பாடு. அந்த வீட்டில் விடிந்தால் நத்தோ. புளிக்க வைத்த சோயாவை நூல் நூலாக இழுக்கும்வரை கலக்கிச் சூடான சோற்றில் போட்டுக்கொள்வார்கள். நாட்டில் பாதிப் பேருக்கு அது அமிர்தம். சுசுனே மீதிப் பாதி. கடையில் நாள் முழுக்க மீன் நாற்றத்தில் நிற்கிறவள், நத்தோ மூடியைத் திறந்தால் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விடுவாள்.

"மூக்கைப் பொத்தாதே. உன்னைச் சங்கம் அனுப்பி வச்சுது. நத்தோ இந்த வீட்டோட ஆளு," என்பாள் மித்சுயோ.

தினமும் காலை எட்டு மணிக்கு நுகுய் வீடியோவில் வருவார். குடும்பத்தார் மூன்று பேரும் ஒரே சட்டத்துக்குள் தெரியும்படி நெருங்கி உட்கார்ந்து, காய்ச்சல் பார்க்கும் கருவியைத் தூக்கிக் காட்ட வேண்டும். சுசுனே மூச்சைப் பிடித்துக்கொண்டு காட்டுவாள். எதிரே மூன்று கிண்ணம் நத்தோ இருக்கும்.

பதினான்கு நாள் முடிந்தது. இனித் தொட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். அதற்கு அனுமதித் தாள் வேண்டும் என்றார் நுகுய். தாளில் பத்தொன்பது அதிகாரிகளின் முத்திரை விழ வேண்டும். அந்த நாட்டில் கையெழுத்துக்குப் பதில் ஆளுக்கொரு பெயர் முத்திரை. சங்கத் தலைவர், துணைத் தலைவர்கள், நடுவர்களில் ஏழு பேர், ஐஸ் தரக் குழு, இசைக் குழு, இப்படி. இமெயிலில் அனுப்பலாமே என்று சுசுனே கேட்டாள். இமெயிலில் முத்திரை குத்த இடம் இல்லை. ஃபேக்ஸில்? ஃபேக்ஸில் சிவப்பு கறுப்பாக வரும். ஆகவே நுகுயே நேரில் தாளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பத்தொன்பது சிவப்பும் ஒரே சிவப்பாக இருக்க வேண்டும் என்பதால் சங்கத்து இங்க் பேடையும் கூடவே எடுத்துக்கொண்டார்.

முதல் முத்திரைக்கு மட்டும் விண்ணப்பித்தவர் வாசலில் காத்திருக்க வேண்டும் என்பது மரபு. சுசுனே போய் நின்றாள். கண்ணாடிக் கதவு வழியாக எல்லாம் தெரிந்தது. தலைவர் தனோகுரா தன் பெயர் முத்திரையைப் பட்டுப் பையிலிருந்து எடுத்தார். இங்க் பேடில் ஒற்றினார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினார். முத்திரையை வாய்க்கு அருகே கொண்டுபோய் "ஹா" என்று ஒரு நீள மூச்சு விட்டார். மூச்சின் ஈரம் பட்டால்தான் எழுத்து பளிச்சென்று விழும். இது அந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். குத்தினார். ஓரம் சரியாக விழவில்லை. மறுபடி ஒற்றி, மறுபடி "ஹா". எழுத்து சரியாக இருக்கிறதா என்று பார்க்க நுகுயும் தலையைத் தலையோடு வைத்துக் குனிந்தார்.

வெளியே வந்ததும் சுசுனே மெதுவாகக் கேட்டாள். "ஐயா, அந்த ஊதறது..."

"ஊதலைன்னா தெளிவா விழாதும்மா. தெளிவா விழாத அனுமதி அனுமதியே இல்லை."

"மாஸ்க்கைப் போட்டுகிட்டே ஊதக் கூடாதா?"

நுகுய் பொறுமையாகச் சிரித்தார். "மாஸ்க் போட்டா மூச்சு எப்படிம்மா வெளியே வரும்?"

அதுக்குத்தானே மாஸ்க் என்று வாய்வரை வந்தது. காலை ஆறு மணி ஐஸை நினைத்துக்கொண்டு விழுங்கிவிட்டாள். பெரிய இடத்து விஷயம், நமக்கு ஏன் என்று பஸ் ஏறினாள்.

பத்தொன்பதாவது முத்திரை போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் விழுந்தது. அன்று சாயங்காலமே தலைவருக்கு ஜுரம். மறுநாள் காலையில் நடுவர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். முத்திரை குத்திய ஏழு நடுவர்களும் படுக்கையில். நல்லவேளையாக எல்லோருக்கும் லேசாகத்தான், படுத்துக்கொண்டே மார்க் போடுகிற அளவுக்குத்தான். வீட்டில் டிவியில் பார்த்து ஃபேக்ஸில் அனுப்புவார்கள் என்று அறிவிக்கப்பட்டது. நுகுய் அரங்கில் இருமிக்கொண்டே திரிந்தார். பார்சல் பொம்மைகளின் தூசி என்றார்.

இவர்கள் ஆடினார்கள். நாற்காலிகளில் பாதி ஜனம், பாதி கரடி. யார் வாயும் திறக்கவில்லை. ஐஸைப் பிளேடு கிழிக்கும் சத்தம் சுசுனேக்கு அவ்வளவு தெளிவாக என்றைக்கும் கேட்டதில்லை. நாலாவது நிமிஷம் கென்தாரோ அவளை இடுப்பில் பிடித்து வீசினார். மேலே போனாள், மூன்று சுற்று. வாங்கிய அனுமதி, கழுவிய பாத்திரம், சகித்த நத்தோ எல்லாம் அந்த ஒரு மூச்சு நேரத்துக்காகத்தான். இறங்கினாள். ஒற்றைக் காலில் நின்றாள். மூன்றாவது வரிசையில் ஒருவர் தன்னை மறந்து "பிரமாதம்" என்று கத்திவிட்டார். சுற்றி இருந்தவர்கள் அவரைப் பார்த்த பார்வையில் அவரே எழுந்து வெளியே போய்விட்டார்.

தங்கம். யாரையும் தோற்கடிக்காத தங்கம்தான், ஆனாலும் முடிவு. இனி அது பதிவேட்டில் ஏற வேண்டியதுதான் பாக்கி.

ஏறவில்லை. பத்தொன்பது பேரில் பதினாறு பேர் படுத்துவிட்டார்கள், நோய் எப்படி வந்தது என்று நகரச் சுகாதார அலுவலகம் விளக்கம் கேட்டது. விளக்கம் போகும்வரை எந்த முடிவும் பதிவாகாது. வருஷத்தின் வேலைநாள் முடிய மூன்று நாள் இருந்தது. அதிகாரிகள் போனிலேயே கூட்டம் போட்டுத் தீர ஆராய்ந்தார்கள். எல்லோரும் மாஸ்க் போட்டிருந்தோம். எல்லோரும் இரண்டு மீட்டர் தள்ளி இருந்தோம். அரங்கத்தில் ஒருவரை ஒருவர் தொட்டது யார்? இரண்டே பேர்.

அந்த இரண்டு பேருக்கும் ஆறு முறை பரிசோதனை செய்து ஆறு முறையும் நோய் இல்லை என்று வந்திருந்தது. "ஆறு முறையும் இல்லை என்றே வந்திருப்பது கவனத்துக்குரியது" என்று அறிக்கையில் எழுதினார்கள்.

செய்தி பரவ அரை நாள் போதுமாக இருந்தது. மித்சுயோ வீட்டுக் கதவில் யாரோ தாள் ஒட்டினார்கள்: "தொட்டு ஆடியவர்கள் வீடு." கையெழுத்து அழகாக இருந்தது, நாலு மூலையிலும் டேப் நேராக ஒட்டியிருந்தது. கடை முதலாளி, உன்மேல எனக்குச் சந்தேகமே இல்லை, வாடிக்கைக்காரங்க மன நிம்மதிக்காகக் கொஞ்ச நாள் வராதே என்றார். பொம்மை அனுப்பிய ரசிகர்கள் பொம்மைகளைத் திருப்பிக் கேட்டார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். இரண்டு பேரும் கறுப்பு உடுத்திக்கொண்டு, நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு வைத்து, நாட்டுக்குத் தொந்தரவு கொடுத்ததற்காக இடுப்பு வரை குனிந்து எட்டு விநாடி நின்றார்கள். ஜோடி நடனக்காரர்கள் அல்லவா, சேர்ந்து குனிந்து சேர்ந்து நிமிர்ந்தார்கள். அது மட்டும் நன்றாக இருந்ததாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

கடைசி வேலைநாள் மத்தியானம் நுகுய் இரண்டு பேரையும் அரங்கத்தின் சின்ன அறைக்கு வரச் சொன்னார். அவரும் நோயில் படுத்தவர்தான், தனிமையில் இருக்க இன்னும் மூன்று நாள் பாக்கி இருந்தது. ஆனால் அறிக்கைக்கு அன்றைக்குத்தான் கடைசி நாள். வெளியே பனி கொட்டியதால் ஜன்னலை அடைத்து ஹீட்டரைப் போட்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் முத்திரை குத்த வேண்டிய தாளை நுகுய் மேஜை மேல் வைத்தார்.

"நோய் எங்களால பரவியிருக்கலாம்னு ஒத்துக்கறோம். அவ்வளவுதாம்மா வாசகம். குத்திக் கொடுத்தா அஞ்சு மணிக்குள்ள முடிவு பதிவாகும்."

கென்தாரோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஆறு தடவை மூக்குல குச்சி விட்டீங்களே, அதுல ஒண்ணும் இல்லையேன்னு கேக்கறேன்."

"இல்லைதான். நான் மறுக்கலையே. அதனாலதான் 'இருக்கலாம்'னு போட்டிருக்கோம்."

"குத்தலைன்னா?"

"முடிவு இல்லை. பிரிவு இல்லை." நுகுய் இருமி முடித்துவிட்டுச் சொன்னார், "முதியோர் சங்கத்து மனு என் மேஜையிலதான் இருக்கு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காலி ஐஸ் மேல் இரண்டு பெரியவர்கள் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுசுனே அவர்களைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து முத்திரையை எடுத்தாள்.

"விடு சுசுனே," என்றார் கென்தாரோ.

"நம்மளால பரவலைன்னு நமக்குத் தெரியும்ண்ணே. ஐஸுக்கும் தெரியும். போதும்."

சங்கத்து இங்க் பேடில் ஒற்றிக் குத்தினாள். மங்கலாக விழுந்தது. பேடு பத்தொன்பது பேரிடம் போய் வந்ததில் காய்ந்திருந்தது.

"தெளிவா இல்லையேம்மா," என்றார் நுகுய் வருத்தத்தோடு. "இரு, நான் காட்டறேன்." சாட்சிக் கட்டத்தில் தான் குத்த வேண்டிய முத்திரையை எடுத்து ஒற்றினார். மாஸ்க்கை இறக்கினார். நன்றாக ஊதினார். குத்தினார். பளிச்சென்று விழுந்தது. அதைப் பார்த்து அவளும் மாஸ்க்கை இறக்கினாள். கென்தாரோவும் இறக்கினார். மூன்று தலையும் ஒரு தாளின் மேல் குனிந்திருந்தன. "ஹா." "இன்னும் கொஞ்சம்." "ஹா." "ஆங், இப்ப சரி."

ஐந்து மணிக்குப் பதினைந்து நிமிஷம் இருக்கும்போது முடிவு பதிவானது. ஜோடி நடனம், முதல் இடம். காலை ஆறு முதல் ஏழு வரை, இன்னும் ஒரு வருஷம்.

வருஷப் பிறப்பு லீவு. பதிவு அலுவலகம் நாலாம் தேதிதான் திறக்கும். அதுவரை சுசுனே சட்டப்படி அந்த வீட்டு ஆள், அரிசி மூட்டையோடு இருந்தாள். கதவில் இருந்த தாளை மித்சுயோ கிழித்து அடுப்பு துடைத்தாள். இரண்டாம் தேதி காலை வழக்கம்போல நத்தோ. மூடியைத் திறந்தார்கள். சுசுனே ஜன்னல் பக்கம் போகவில்லை. குச்சியால் கலக்கினாள், சோற்றில் போட்டாள், சாப்பிட்டாள். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினாள்.

"பழகிப்போச்சாக்கும்," என்றாள் மித்சுயோ.

"இல்லைக்கா. இன்னிக்கு நாத்தமே அடிக்கலை. வேற கடையில வாங்கினீங்களா?"

மித்சுயோவின் குச்சி பாதி வழியில் நின்றது. கிண்ணத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். புருஷனைப் பார்த்தாள். கென்தாரோவும் தன் கிண்ணத்தை முகர்ந்தார். மூன்று பேரும் மாற்றி மாற்றி முகர்ந்து பார்த்தார்கள்.

மத்தியானம் பரிசோதனை முடிவு வந்தது. சுசுனே நுகுய்க்குப் போன் செய்து சொன்னாள். அவர் முதலில் குனிந்து வணங்கியிருப்பார் போல, குரல் கீழேயிருந்து வந்தது.

"ரொம்ப நன்றிம்மா. அறிக்கை உண்மைதானான்னு சுகாதார அலுவலகத்துல என்னைக் குடைஞ்சுகிட்டே இருந்தாங்க. இப்ப அது உண்மையாயிடுச்சு. தேதியை மட்டும் கொஞ்சம் திருத்தணும்."

"திருத்திக்கோங்கய்யா."

"திருத்தினா பக்கத்துல முத்திரை வேணுமேம்மா. நீங்க மூணு பேரும் வெளியே வரக் கூடாது. நானே நாளைக்குத் தாளை எடுத்துகிட்டு வரேன். குடும்ப முத்திரையா இருந்தா இன்னும் நல்லது."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மித்சுயோ எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தாள். அடியில் கிடந்த குடும்ப முத்திரையைத் தேடி எடுத்தாள். ரொம்ப நாளாகக் குத்தாமல் காய்ந்து கிடந்தது. தெளிவாக விழுமோ விழாதோ என்று, வாய்க்கு அருகே கொண்டுபோய் ஒரு தடவை "ஹா" என்று ஊதிப் பார்த்தாள்.